ஆர்வெல்லாவின் நாற்பது சுற்றுகள்

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆர்வெல்லா ஸ்டேமி செருப்பைக் கழற்றிப் படிக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு காரில் ஏறி உட்காருவார். கதவை இழுத்துச் சாத்தி, ஓட்டத்தில் அது திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பழைய இடுப்புவாரால் வரிந்து கட்டுவார். எண்பத்தோரு வயது. ஏறும்போது யாராவது கைகொடுக்கப் போனால், "என்ன, உருளைக்கிழங்கு மூட்டையா ஏத்துற?" என்று கையைத் தட்டிவிடுவார்.

பின்வராந்தாவில் அவருடைய கணவர் ஹாய்ட், மடியில் பலகையும் பலகையில் ஓர் அட்டையுமாகக் காத்திருப்பார். அவருக்கு எண்பத்து நான்கு. எதிர்த் தூணில் பள்ளிக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்றை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் ஹாய்ட் பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்வார். குளத்தைச் சுற்றி, புல் தேய்ந்து செம்மண் தடமாகிவிட்ட புல்வெளியில் கார் உறுமிக்கொண்டு கிளம்பும். பக்கவாட்டில் வெள்ளை வண்ணத்தில் 41 என்று எழுதிய, 1939-ஆம் வருடத்து ஃபோர்டு. வேலிக்கம்பத்தை அது தாண்டும்போதெல்லாம் ஹாய்ட் கடிகாரத்தைப் பார்த்து, அட்டையின் ஒரு கட்டத்தில் நிமிடத்தையும் நொடியையும் எழுதுவார். நாற்பது கட்டங்கள், நாற்பது சுற்றுகள். மழை இல்லாத எல்லா நாளும் இது நடக்கிறது.

ஹாய்ட்டைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் தினமும் வருகிற நேடீனுக்கு முதல் நாள் இது தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்பு, உள்ளே படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். கிழவி காரோடு சுற்றிக்கொண்டிருக்கிறார், நிறுத்தத் தெரியவில்லை என்று நினைத்துக் கையை ஆட்டிக்கொண்டு புல்வெளிக்கு ஓடினாள். வராந்தாவிலிருந்து ஹாய்ட் அதட்டினார்.

"ஏம்மா, பந்தயம் நடக்கும்போது குறுக்க போறியே, உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா? இப்படி வா. வந்து உக்காரு. அவ நல்லாத்தான் ஓட்டுறா."

நேடீன் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த மலையடிவாரத்தில்தான் பிறந்தாள், சுற்றி நாலு மைலுக்குள் மூன்று பந்தயத் தடங்கள் இருந்தன, ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை. அவளுடைய முதல் கணவன் போவான், அந்தக் காரணமே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அன்று அவள் பார்த்தது வேறு. கார் வளைவுக்கு வரும்போது சத்தம் அடங்கும். வளைவின் நடுவில், சறுக்கப்போகிறது என்று பார்க்கிறவருக்குத் தோன்றும் இடத்தில், சத்தம் மறுபடி எழும். பின்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, தானே நேராகி, ஓடிப்போகும். பிரேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. பந்தயம் முடிந்த பிறகு நேடீன் தடத்தில் இறங்கிப் பார்த்தாள். நாற்பது சுற்றும் ஒரே கோட்டில் போயிருந்தன. செம்மண்ணில் டயர் அகலத்துக்கு மேல் ஒரு விரல் அகலம்கூடக் கூடுதலாகப் பதியவில்லை.

"இது எப்படி மிஸ் ஆர்வெல்லா?" என்று, மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்தப் பக்கத்து வழக்கப்படி கேட்டாள்.

"எது எப்படி?" என்றார் ஆர்வெல்லா. அவருக்கு உண்மையிலேயே கேள்வி புரியவில்லை.

அவருடைய அப்பாவுக்கு இருபது கறவை மாடுகள் இருந்தன. பதிமூன்று வயதிலிருந்து ஆர்வெல்லாதான் பால் லாரியை மலையிலிருந்து ஊருக்கு இறக்குவார். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் கள்ளச்சாராயம் கடத்திப் பழகியவர் என்று எழுதிக்கொள்ளப் பத்திரிகைக்காரர்கள் ஆசையோடு வருவார்கள். "பாலுதான்" என்பார் ஆர்வெல்லா. "சாராயம் குலுங்கினா ஒண்ணும் ஆகாது. பாலு குலுங்கினா ஊர் போய்ச் சேர்றப்போ பாதி வெண்ணெயா இருக்கும். எங்கப்பா கேன் மூடியத் திறந்து பாத்துட்டுத்தான் என்கிட்டப் பேசவே ஆரம்பிப்பாரு." பிரேக்கைத் தொடாமல் முப்பத்தாறு வளைவுகளை இறங்கக் கற்றது அப்படித்தான்.

கடையில் வாங்குகிற சாதாரணக் காரையே பந்தயத்தில் ஓட்டுவது 1949-இல் அந்த மாவட்டங்களில் சூடு பிடித்திருந்தது. கண்காட்சித் திடலில் பந்தயம் நடத்தியவர், கூட்டம் சிரிக்கட்டும் என்று ஒரு பெண்ணைத் தேடினார். யாரோ பால்காரன் மகளைச் சொன்னார்கள். ஆர்வெல்லாவுக்கு அப்போது இருபத்தொரு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். இருபத்து மூன்று கார்களில் நான்காவதாக வந்தார். "சிரிக்க வந்தவங்க சிரிச்சாங்க, பத்தாவது சுத்து வரைக்கும்" என்பார்.

எட்டு வருடங்களில் நூற்றாறு பந்தயங்கள். ஒன்பதில் வெற்றி. தோளின் காறையெலும்பு இரண்டு முறை முறிந்தது. ஒரு பந்தயத்தோடு இடது காது கேட்காமல் போனது, எந்தப் பந்தயம் என்று கேட்டால் சொல்லமாட்டார். இவை எல்லாவற்றையும்விட நேடீனை வாய்பிளக்க வைத்தது தண்ணீர் விஷயம்தான்.

அன்றைய விதிப்படி, கார்களைப் பழுதுபார்க்கும் கம்பிவேலிக்குள் பெண்கள் வரக்கூடாது. ஆனால் ஓட்டுநர் வரலாம். ஆர்வெல்லா இரண்டும் ஆயிற்றே, என்ன செய்வது என்று நிர்வாகிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காருக்குள் இருக்கும்வரை அவர் ஓட்டுநர். கால் தரையில் பட்டால் பெண். ஆகவே காலை பதினொரு மணிக்கு வேலிக்குள் கார் நுழைந்ததிலிருந்து மாலை ஐந்து மணிக்கு வெளியே வரும்வரை அவர் காரைவிட்டு இறங்கமுடியாது. ஆகஸ்ட் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஆறு மணிநேரம். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்.

"கோவமே வரலையா?"

"வந்துச்சு. அதையும் உள்ளயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வேற எங்க போறது?"

ஒருமுறை வேலிக்குள்ளேயே காரின் அச்சு முறிந்து, காரையே உடனே கவிழ்த்து வேலை பார்க்கவேண்டி வந்தது. ஆள் இறங்கியாகவேண்டும். காவல்காரன் கதவருகில் வந்து நின்றுகொண்டான், கால் பட்டதும் பந்தயத்திலிருந்து நீக்குவதற்கு. அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத ஒடெல் பிரையர் என்ற ஓட்டுநர், வாயில் இருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, தன் காருக்கு வைத்திருந்த மாற்று டயரை உருட்டிவந்து ஆர்வெல்லாவின் கதவுக்குக் கீழே படுக்கப்போட்டார். அடுத்தவர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு அடுத்தவர் ஒன்று. பதினாலு டயர்கள், கார்க் கதவிலிருந்து வேலிக்கதவு வரைக்கும். ஆர்வெல்லா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டயர்மேல் டயராகக் கால்வைத்து, தரையைத் தொடாமல் வெளியே போனார். அச்சு மாற்றியதும் அதே வழியில் திரும்பி வந்தார். "அன்னிக்கு ஒடெல்லுக்கு முன்னாடி வந்து ஜெயிச்சேன்" என்று இந்தக் கதையை முடிப்பார். "டயரு குடுத்தான்னா விட்டுக்குடுக்க முடியுமா?"

மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைச் சரிபார்த்து எண்ணும் வேலை ஹாய்ட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் சுற்றுகளை எண்ணினார். அப்போது இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் அட்டையோடு மேடையில் உட்கார்ந்து, தன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்கவேண்டும். எல்லாம் முடிந்து அட்டைகளை ஒப்பிட்டுத்தான் யார் ஜெயித்தார் என்று சொல்வார்கள். ஓட்டுநர்களின் மனைவிகள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். இருபது பெண்களுக்கு நடுவில் ஹாய்ட் ஒரே ஆண், யாராவது ஒருத்தி சீண்டிக்கொண்டே இருப்பாள்.

"ஏய் ஹாய்ட், உன் வீட்டுக்காரி சட்டி கழுவுறதும் இப்படிச் சுத்திச் சுத்தித்தானா?"

"சட்டி நான் கழுவுறேன். உன் புருஷன் இப்பத்தான் ஒரு சுத்து பின்னால போயிட்டான். அதக் குறிச்சியா, இல்ல பேசிக்கிட்டே விட்டுட்டியா?"

எட்டு வருடத்தில் ஹாய்ட்டின் அட்டையில் ஒரு சுற்றுகூடத் தவறியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. காரைப் பார்க்காமலே குறிப்பார். வளைவில் அந்தச் சத்தம் அடங்கி எழுவது அவருக்குப் போதும். ஐந்து மணிக்கு வேலிக்கு வெளியே, செம்மண் அப்பிய முகத்தோடு இறங்கும் மனைவியின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிடுவதும் அவர்தான்.

1957-இல் ஒரு கடிதம் வந்தது. காப்பீட்டுக்காரர்கள் பெண் ஓட்டுநருக்கு ஒப்புக்கொள்வதில்லை, ஆகவே இனி எந்தத் தடத்திலும் சேர்த்துக்கொள்ள இயலாது, வருந்துகிறோம். ஆர்வெல்லா அதை நின்றபடியே படித்தார். மறுநாள் காலை காலுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் குதிகால் தைத்தார். மகள் ரமோனா வளர்ந்து, படித்து, கிரீன்ஸ்பரோ நகரத்தில் வீடு வாங்கினாள். அந்த வருடங்களில் பந்தயம் பற்றி வீட்டில் பேச்சே இருக்காது. வேகம் போய்விட்டதா என்று நேடீன் ஒருநாள் கேட்டபோது ஆர்வெல்லா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "போகல. கொஞ்சம் உக்காருன்னு சொல்லிருந்தேன்" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஹாய்ட்டின் நினைவு நழுவத் தொடங்கியது. முதலில் சாவிகளும் பெயர்களும் போயின. பிறகு மகள். ஒரு காலை, காபி கொண்டுவந்து வைத்த ஆர்வெல்லாவை நிமிர்ந்து பார்த்து மிகவும் மரியாதையாக, "நீங்க யாரும்மா? என் சம்சாரம் வர்ற நேரம், தப்பா எடுத்துக்கப்போறா" என்றார். அன்று மத்தியானம் அவர் வீடு முழுக்க எதையோ தேடினார். அட்டை எங்கே, பந்தயத்துக்கு நேரமாகிவிட்டது, அவ காருல காத்துக்கிட்டு இருப்பா என்று அலைந்தார். தட்டைத் தொடவில்லை. எண்ணிக்கை முடிந்து கையெழுத்துப் போடாமல் அவர் எந்தக் காலத்திலும் சாப்பிட்டதில்லை.

ஆர்வெல்லா ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த ஃபோர்டை வாங்கினார். ஓட வைத்தார். எண் எழுதினார். தேவாலய அலுவலகத்தில் அட்டைகளை அச்செடுத்தார். மூன்று மணிக்கு ஏறினார். நாற்பதாவது சுற்றில் ஹாய்ட் கூட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து இதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. வராந்தாவில் தட்டோடு வரும் ஆர்வெல்லாவை ஹாய்ட்டுக்கு அடையாளம் தெரியாது. ஆனால் காரில் இருப்பவளைத் தெரியும். அந்தத் தட்டு நீட்டுகிற அம்மாளிடமே குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "நாப்பத்தொண்ணு ஓட்டுற பொண்ணு இருக்காளே, அவ என் சம்சாரம். அட்டைய விட்டுட்டு நான் வேலிக்குள்ள போய்ப் பேச முடியல. நீங்க பொம்பள, உங்களையும் விடமாட்டாங்க. என்ன பண்றது." ஆர்வெல்லா, "ஆமாங்க, விடமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அவருடைய சட்டையில் விழுந்த துணுக்கைத் தட்டிவிடுவார். நேடீன் அப்போதெல்லாம் உள்ளே போய்விடுவாள்.

சென்ற செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, மழையில் வழுக்கிய படியில் ஆர்வெல்லா விழுந்தார். இடது கணுக்கால் முறிந்தது. முழங்கால்வரை மாவுக்கட்டு. கிளச்சை மிதிக்கும் கால் அது.

ஹாய்ட்டின் எடை அன்று காலை நூற்றிருபது பவுண்டு. நூற்றுப் பதினைந்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கமுடியாது, முதியோர் இல்லத்தில் சேர்த்துக் குழாயில்தான் உணவு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். திங்கட்கிழமைதோறும் எடைபார்த்துச் சொல்வது நேடீனின் வேலை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஹாய்ட் வராந்தாவில் அட்டையோடு உட்கார்ந்து வெறும் தடத்தைப் பார்த்தார். "மழைன்னு தள்ளி வச்சிருக்காங்க" என்று ஆர்வெல்லா சொன்னார். ஹாய்ட் வானத்தைப் பார்த்தார். அது கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. "இதுக்குப் பேரு மழையாம்மா?" என்றார். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். தேநீர் மட்டும் இரண்டு மடக்கு.

ரமோனா தொலைபேசியில் அழுதாள். "அம்மா, நீ பண்ணினது போதும். அவருக்கு உன்னையத் தெரியவே தெரியாது. நான் இடம் சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமை வர்றேன்."

"வா" என்றார் ஆர்வெல்லா. "வெறும் வயித்தோட வராத, சமைச்சு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை நேடீன் தானாகவே சொன்னாள், நான் ஓட்டுகிறேன் என்று. அவளுக்கு அது எளிதாகத்தான் பட்டது. அவருக்குத் தெரிவது கார்தானே. எண் அதேதான், சத்தம் அதேதான். மூன்று மணிக்குக் கிளம்பினாள். முதல் சுற்றில் ஹாய்ட் பென்சிலைத் தூக்கினார், எழுதவில்லை. இரண்டாவது சுற்றில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க. அதுல இருக்கிறது அவ இல்ல."

ஆர்வெல்லா ஊன்றுகோலோடு பக்கத்தில் இருந்தார். "எப்படிச் சொல்றீங்க?"

"வளைவுல பிரேக் புடிக்குது. அவ புடிக்கமாட்டா." ஹாய்ட் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. எங்கயோ கொண்டுபோய்ப் படுக்க வச்சிட்டு, வேற ஆள ஏத்தி விட்டிருக்காங்க. யாரும் எனக்குச் சொல்லமாட்டேங்கறீங்க."

"ஹாய்ட். நான்தான். இங்க இருக்கேன், பாருங்க."

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "நீங்க நல்லா இருங்கம்மா. நான் அவளப் பாக்கணும்" என்று சொல்லி, படியில் இறங்கித் தடத்தை நோக்கி நடந்தார். நேடீன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அவள் கையில் அவர் எலும்பும் தோலுமாக, பறவைபோல் இருந்தார். அன்று தேநீரும் இல்லை. நேடீன் அவரை எடைமேடையில் ஏற்றினாள். நூற்றுப் பதினாறு.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கு நேடீன் ஈரத்துணியால் ஹாய்ட்டின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஆர்வெல்லா காரின் கதவைத் திறந்துவைத்து, கட்டுக்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் ஆர்வெல்லா, டாக்டரு என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

"கால ஊனாதன்னாரு. ஊனலையே, உக்காந்துதான இருக்கேன்."

"கிளச்ச எதால மிதிப்பீங்க?"

"மிதிக்க வேண்டாம். ரெண்டாம் கியர்ல போட்டுட்டு ஸ்டார்ட்டர அமுக்கினா துள்ளிக்கிட்டுக் கிளம்பும். நிறுத்தணும்னா சாவிய அணைச்சாப் போதும்." கண்ணில் மண் படாமல் இருக்கப் போடும் தூசிக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். "நேடீன், கேட்டுக்க. நாம நேத்துப் பண்ணினது தப்பு. உன் ஓட்டத்தச் சொல்லல, அதுவும் கேவலந்தான். ஓட்டுறவனுக்கு முடியாமப் போனா நடுவுல ஆள் மாத்திக்கலாம். ஒடெல்லுக்கு மயக்கம் வந்தப்ப நானே அவன் காருல ஏறி முடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா யாரு ஆரம்பிச்சாங்களோ அவங்க பேருலதான் பந்தயம். அதான் விதி. நேத்து ஆரம்பிச்சது நீ. உன் பேரு அவரு அட்டையில இல்ல. அவரு எப்படிக் குறிப்பாரு?"

நேடீன் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"கம்பத்துக்கிட்ட நில்லு. ஒரு சுத்து நான் வர்றேன்."

மூன்று மணிக்கு கார் முயல்போல ஒரு துள்ளு துள்ளிக் கிளம்பியது. கியர் மாற்ற வழியில்லை. இரண்டாம் கியரிலேயே இன்ஜின் அலறியது. திங்கட்கிழமைக்குப் பிறகு மழையே காணாத செம்மண் கிளம்பிக் காரை மூடியது. முதல் வளைவு வந்தபோது அலறல் அடங்கியது. வளைவின் நடுவில், சரியாக அதே இடத்தில், சத்தம் மறுபடி எழுந்தது. ஒற்றைக் காலோடு, மாவுக்கட்டு கதவில் இடித்துக்கொண்டிருக்க, அந்த மனுஷி பழைய தடத்திலிருந்து ஒரு விரல் விலகாமல் வந்துகொண்டிருந்தார். கழுத்து நரம்புகள் கயிறுபோலத் தெறித்து நின்றதை நேடீன் கம்பத்தடியில் பார்த்தாள். வலி எவ்வளவு இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வேலையே அதுதான்.

வராந்தாவில் ஹாய்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

கார் கம்பத்தைத் தாண்டி, செத்ததுபோல் நின்றது. ஆர்வெல்லாவை இறக்கி, ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டு நேடீன் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள். ஹாய்ட் எழுந்து நின்று கடிகாரத்தையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். அட்டையின் ஓரத்தில் ஏதோ குறித்தார். பிறகு உட்கார்ந்து, பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

முப்பத்தொன்பது சுற்றுகளையும் நேடீன் ஓட்டினாள். எல்லா வளைவிலும் பிரேக் பிடித்தாள், ஒருமுறை குளத்தின் ஓரம்வரை போய் மீண்டாள். ஒவ்வொரு முறை கம்பத்தைத் தாண்டும்போதும் வராந்தாவில் அந்தத் தலை கடிகாரத்துக்கு நிமிர்வதும் அட்டைக்குக் குனிவதும் தெரிந்தது. கண்ணைத் துடைக்கக்கூட அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

முடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, ஹாய்ட் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்து ஆளு யாரும்மா?" என்று நேடீனிடமே கேட்டார். "செங்கல் லோடு அடிக்கிறவனா?"

"தெரியலைங்க" என்றாள் நேடீன். "புதுசு போல."

"காரக் கொண்டுவந்து சேத்துட்டான். அதுவரைக்கும் சரி." தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் சாண்ட்விச்சை மெதுவாகவும் இரண்டாவதை வேகமாகவும் சாப்பிட்டார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். நேடீன் சமையலறைக்கு ஓடி, தக்காளியை நறுக்கக்கூடப் பொறுமையில்லாமல் பிய்த்து வைத்துக் கொண்டுவந்தாள்.

ஆர்வெல்லா அப்போதுதான் வராந்தாப் படியேறி முடித்திருந்தார். ஊன்றுகோலோடு அந்தப் புல்வெளியைக் கடக்க அவருக்கு அத்தனை சுற்றும் தேவைப்பட்டது. வழக்கமாகக் குளத்தடிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டுதான் அவர் வீட்டுக்குள் வருவார். இன்று குழாய்வரை நடக்க முடியவில்லை. நெற்றி, கன்னம், உதடு, கழுத்து எல்லாம் செம்மண். தூசிக்கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் கண்களைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டங்கள். மூச்சு வாங்க, கணவருக்குப் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஹாய்ட் மென்றுகொண்டே திரும்பினார். மெல்வதை நிறுத்தினார். தட்டைத் தரையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதன் ஒரு முனையை எச்சிலால் நனைத்துக்கொண்டு, மறு கையால் ஆர்வெல்லாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளை வட்டங்களின் ஓரத்திலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கத் தொடங்கினார். ஆர்வெல்லா கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஆடாமல் நீட்டிக்கொண்டிருந்தார்.